ஆறாவது எண்

போன் மூன்றாவது தடவையாக அதிர்ந்தபோது நந்தகுமார் வெட்டும் டூலை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தான். லேத் ஒருமுறை உறுமியது. பம்ப் ஷாஃப்டின் மேல்தோல் நீலமும் ஊதாவுமாகச் சுருண்டு கழன்று தட்டில் விழுந்து புகைந்தது. அடிக்கட்டும், அடித்தே சாகட்டும். ஆவாரம்பாளையத்துத் தகரக் கொட்டகைக்குள் சாயங்காலம் நாலரை மணிக்கு வெந்துகொண்டிருக்கிறவனுக்குப் போன் எடுக்க நேரமேது. டூல் பெட்டியின் மேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. விழுந்து நொறுங்கினால்கூட நல்லதுதான், முடிவு தன்னால் வந்துவிடும், தன் கையால் செய்ததாகவும் இருக்காது. யார் என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தங்கை சுபிக்‌ஷா. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் அந்த பிலோமினா டீச்சர் பக்கத்தில் நிற்க, காதில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக உட்கார்ந்திருப்பாள். கலந்தாய்வில் அவளுக்கு வெளியூர் அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்திருந்தது. அந்த இடம் வேண்டும் என்று இன்றைக்கு ஐந்து மணிக்குள் உறுதி செய்தாக வேண்டும். உறுதி செய்ய ஆறு இலக்க ஓடிபி வேண்டும். அது வருவது இந்தப் போனுக்கு. ஐந்து மணி தாண்டிவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும், சண்டை சத்தம் எதுவும் தேவையில்லை, அவன் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். ஒன்றும் செய்யாமல் நிற்பது அவனுக்குப் பழகிய வேலை என்று உள்ளே ஏதோ சொல்ல வந்தது. அவன் டூலை மேலும் உள்ளே கொடுத்தான்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் அவன் எண்தான். சிலிண்டருக்கு அவன் எண், ரேஷனுக்கு அவன் எண், அம்மா துளசிமணியின் சர்க்கரை மருந்துச் சீட்டில்கூட அவன் எண். பள்ளியில் விண்ணப்பம் நிரப்பும்போது பெண் பிள்ளைகளிடம் போன் இல்லையென்று டீச்சரம்மாவே வகுப்பு முழுவதற்கும் வீட்டு ஆண்களின் எண்ணைப் போட்டுவிட்டாளாம். உலகத்துக்கெல்லாம் புத்தி சொல்கிற டீச்சருக்கு இந்தப் புத்தி இல்லாமல் போயிற்று. பெண்ணைப் பறக்கச் சொல்லிவிட்டுச் சாவியை அண்ணன்காரன் சட்டைப்பையில் போட்டுவிட்டாள். அதை நினைத்து அவனுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் கசந்தது. போன வாரம் இதே இடத்தில் நின்றாள் அந்த டீச்சர். கொட்டிக் கிடந்த எண்ணெயில் கால் வழுக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “தம்பி, முறுக்குவிசை பாடத்துல நான் திணறுன கணக்கைச் சுபிதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா, இந்தப் புள்ளையை வீட்டோட வெச்சிராதீங்க தம்பி” என்று அவள் ஆரம்பித்த உடனே அவன் கிரைண்டரைப் போட்டுவிட்டான். தேய்க்க எதுவுமே இல்லை. கையில் கிடைத்த பழைய போல்டை அழுத்தினான். பொறி மழையாகப் பறந்து அவள் சேலையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தது. அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, போகவில்லை, கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு பொறி பட்டுத் துடைத்துக்கொண்டு அப்புறமும் பேசினாள். அந்த போல்டை அவள் நெற்றியில் வைத்து அழுத்தினால் எப்படி இருக்கும் என்று அவன் நினைத்தான். நினைத்தது நிஜம், அதை ஒளிக்க முடியாது. தோல் கருகுகிற வாடைகூட மூக்கில் ஏறியது. பிறகு போல்டுதான் சுட்டு அவன் விரல் கொப்பளித்தது.

நான்காவது தடவை. கொப்பளம் உடைந்த விரலில் கூலண்ட் எண்ணெய் பட்டு எரிந்தது. நேற்று தங்கையை அடித்ததும் இதே கைதான். கை தானாகப் போயிற்று என்று அடிக்கிறவன் எல்லாம் சொல்வதுபோல் இவனும் இரவெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். கை எங்கேயும் தானாகப் போவதில்லை. எட்டு வருஷமாக மில்லிமீட்டருக்குள் மில்லிமீட்டர் பார்த்துப் போகிற கை அது. “மிஷின்கிட்ட பொட்டப்புள்ளைக்கு என்ன வேலை? சடையைப் புடிச்சு இழுத்துச்சுன்னா மண்டைத்தோலோட வந்துரும்” என்று அவன் கத்தினான். அவள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சத்தமில்லாமல், “அப்பாவோட துண்டைத்தானே இழுத்துச்சு? அதுக்குன்னு ஆம்பளைங்க எல்லாம் பட்டறையைப் பூட்டிட்டுப் போயிட்டீங்களா?” என்றாள். அதற்கு அவன் அடிக்கவில்லை. அம்மாதான் இடையில் வந்தாள். அண்ணன் பேச்சு எடுபடாமல் போனால் எப்போதும் எடுக்கிற ஆயுதத்தை எடுத்தாள். “அண்ணன் சொன்னாக் கேட்டுக்க அம்மணி. அன்னிக்கு மெயினை அமத்தி உங்கொப்பனை முழுசா எடுத்துக் குடுத்தவன் அவன். இல்லைன்னா மூஞ்சி பாத்திருப்பமா நாம?” அம்மா இதை நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஊரே சொல்லியிருக்கிறது. பதினேழு வயசுப் பையன், அத்தனை ரத்தத்திலும் மூளை கலங்காமல் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இழுத்தான் என்று. அந்தப் பேச்சினால்தான் பட்டறை அவன் கைக்கு வந்தது, அந்தப் பேச்சினால்தான் வீட்டில் அவன் சொல் அம்பலம் ஏறியது. சுபிக்‌ஷா திரும்பி அவனைப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். பார்த்தாள். அதற்குத்தான் அறைந்தான். பீரோக் கைப்பிடியில் காது மாட்டித் தோட்டோடு கிழிந்தது. ரத்தம் கழுத்தில் இறங்கிச் சுடிதார்க் கழுத்துப் பட்டியை நனைத்தது. இரண்டு தையல். அவள் அழவே இல்லை. விழுந்த தோட்டின் திருகாணியைத் தரையில் தேடிக்கொண்டிருந்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பதோடு விட்டால் தேவலை, அது கையை ஓங்க வைக்கிறது. அவன் லேத்தை நிறுத்தி வெர்னியரை வைத்து அளந்து பார்த்தான். முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்பதரை. போச்சு. அரை மில்லி தின்றுவிட்டான். மூன்று மணி நேர வேலை, ஒரு நல்ல ஷாஃப்ட், பழைய இரும்புக்கு. ஷாஃப்டைப் பிடித்திருந்த சக்கைத் தளர்த்தி அதை உருவி எடுத்துச் சுவரில் எறிந்தான். தகரம் அலறியது. பக்கத்துப் பட்டறை ஆறுச்சாமி அங்கிருந்து, “என்னடா ஆச்சு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்” என்றான். “மனசை எங்கியோ வெச்சுட்டு மிஷின் முன்னால நிக்காதடா, உங்கொப்பன் நெனப்பு இருக்கட்டும்” என்றார் அவர். அவர் வாயிலிருந்து அப்பாவைத் தவிர வேறு எதுவும் வராது. அன்றைக்கு முதலில் ஓடிவந்தவர் அவர். ஊருக்கெல்லாம் சொன்னவரும் அவர்தான். அதற்கு முன்னால், அப்பா உயிரோடு இருந்த காலத்தில், இதே ஆறுச்சாமியிடம் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னதும் அவனுக்கு மறக்கவில்லை. ஏழு வயசு சுபி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, “அப்பா, உள்ள பேரிங் அழுவுது” என்றாள். கழற்றிப் பார்த்தால் பேரிங் நிஜமாகவே போயிருந்தது. “பையனுக்குக் காது இல்லீங் ஆறுச்சாமி, பொண்ணுக்கு இருக்குது” என்றார் அப்பா. விளையாட்டுக்குத்தான் சொன்னார், சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் பொட்டு வைக்க அவளை உள்ளே விடுவார்கள். வருஷத்தில் ஒரு நாள், குங்குமக் கிண்ணத்தோடு வந்து சக்குக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று வைப்பாள். வைக்கிற சாக்கில் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் வாசல்படியோடு சரி. வாசல்படியில் நின்றே அவள் அத்தனையும் கற்றுக்கொண்டாள். உள்ளே நின்றவனுக்கு அரை மில்லி பிடிபடவில்லை.

அடுத்த ஷாஃப்டை மாட்டினான். சக்குச் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சுக்குக் கை போய்விட்டது, கடைசி நொடியில் கண்ணில் பட்டது. போட்டிருந்தால் சாவி பறந்து நெஞ்சைப் பிளந்திருக்கும். நெஞ்சைப் பிளந்தால் என்ன கெட்டுப்போகும்? ஐந்து மணி தாண்டிவிடும், அவன் மேல் பழியும் வராது, அம்மா இரண்டாவது தடவையும் மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். சீ. சாவியை உருவிவிட்டு மிஷினைப் போட்டான். மணி நாலு நாற்பத்திரண்டு. போனில் ஒரு செய்தி வந்து ஒளிர்ந்து அணைந்தது. முதல் ஓடிபி காலாவதியாகி இரண்டாவது வந்திருக்கிறது, இதுவும் பத்து நிமிஷத்தில் செத்துப்போகும். பி.காம். படிக்கட்டுமே, பக்கத்துக் காலேஜ், வேன் வாசலுக்கே வரும், கணக்குத்தான் அவளுக்கு வருமே, யார் வேண்டாம் என்றது. இயந்திரம்தான் வேண்டாம். ஏன் வேண்டாம்? அவள் உயிருக்குப் பயந்து. பொய். அது பாதிதான். மீதிப் பாதி அவள் நோட்டில் இருந்தது. போன மாதம் பீரோவுக்கு மேல் எதையோ தேடும்போது அவள் கணக்கு நோட்டு கையில் விழுந்தது. பின்பக்கத்தில் ஒரு படம், லேத்துக்குக் கீழே காலால் மிதிக்கிற பிரேக், அதிலிருந்து சக்கு வரைக்கும் கம்பிகள், அம்புக்குறிகள். பக்கத்தில் எண்கள். விட்டம் 40 மில்லி. சுற்று நிமிடத்துக்கு 500. துண்டு 60 சென்டி. நேரம் அரை விநாடி. பிரேக் இருந்தால் மிஷின் நிற்க ஒரு விநாடி. மெயின் அமத்த 14 விநாடி. பதினாலு. பேர் எதுவும் போடவில்லை, அப்பா என்றோ அண்ணன் என்றோ ஒரு வார்த்தை இல்லை, பரீட்சைக் கணக்குப் போல வெறும் எண். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவள் வெளி கேட்டிலிருந்து பட்டறைச் சுவர் வரைக்கும் ஓடுவதும், கடிகாரத்தைப் பார்ப்பதும், திரும்பப் போய் ஓடிவருவதுமாக இருந்ததை அவன் பார்த்து, புத்தி பேதலித்துவிட்டதா என்று திட்டியிருந்தான். பதினாலு அவளுடையது. கேட்டில் காப்பித் தூக்கோடு நின்றவள், சத்தம் மாறியதைக் கேட்டு, ஓடிவந்து இழுத்த நேரம். அப்படியானால் மெயினிலிருந்து நாலே எட்டு தூரத்தில் நின்றவனுடைய எண் எங்கே? அதை அவள் எழுதவில்லை. எழுதாமல் விட்டாள். எழுதியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான்.

நின்றான். அதுதான் நடந்தது. எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னாலும் அந்த மே மாதத்து மத்தியானத்தில் நடந்தது அதுதான். லுங்கி, துண்டு, மோதிரம் எதுவும் மிஷினிடம் ஆகாது என்று ஊருக்கே சொல்கிற அப்பா, தகரச் சூடு தாங்காமல் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஓடுகிற ஷாஃப்டில் மெருகேற்றும் எமரித் தாளைப் பிடித்துக் குனிந்தார். துண்டின் நுனி தொட்டது. அப்பா “டேய்” என்றார். முழுசாகக்கூடச் சொல்லவில்லை. இழுத்துக்கொண்டு போயிற்று. முகம் இரும்பில் அடித்த சத்தம், எலும்பு நொறுங்குகிற சத்தம், பிறகு கால் இரண்டும் தரையை அடித்த சத்தம், தப்புத் தப்பு என்று, செருப்பு ஒன்று கழன்று அவன் முழங்காலில் வந்து விழுந்தது. சுவர் முழுக்க ரத்தம் கோடு கோடாகத் தெறித்தது, அவன் வாயிலும் தெறித்தது, உப்பாக இருந்தது. மெயின் அவன் வலது பக்கம். நாலு எட்டு. போகச் சொல்லி உடம்பு முழுக்கக் கத்தியது, கால் வரவில்லை. மிஷின் சுற்றிக்கொண்டே இருந்தது, அப்பாவும் கூடவே. வாசலிலிருந்து ஒரு சின்ன உருவம் அவனைத் தாண்டி ஓடியது. பத்து வயசு. மெயினுக்குக் கை எட்டவில்லை. இரும்புச் சுருள் நிறைந்த டிரம் மேல் வெறுங்காலோடு ஏறினாள், சுருள் கத்தியாக உள்ளங்காலில் இறங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தொங்கி இழுத்தாள். மிஷின் நின்றது. தூக்கிலிருந்து கொட்டின காப்பி தரையில் ஓடி ரத்தத்தோடு கலந்தது. ஆறுச்சாமி பாய்ந்து வந்து, “ஐயோ, யாரு அமத்துனது, யாரு?” என்றார். ஏன் அதைக் கேட்டார் அந்த மனுஷன், அதைப்போய் அப்போது கேட்பார்களா? அவன் வாய் “நானுங்” என்றது. அவள் டிரம் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பார்த்தாள். நேற்றுப் பார்த்த அதே பார்வை. காலில் ஏழு தையல். பயத்தில் ஓடிப்போய்ச் சுருளை மிதித்துவிட்டாள் என்றார்கள், அவளும் ஆமாம் என்றாள்.

ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை. நாலு ஐம்பது, நாலு ஐம்பத்து மூன்று. அவள் போனால் என்ன ஆகும்? படிப்பாள். பிரேக் செய்வாள், நிஜமாகவே செய்வாள், அவள் செய்யாமல் விடுகிற ஜாதி இல்லை. ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு மேடையில் யாராவது, எப்படிம்மா உனக்கு இந்த யோசனை வந்தது என்று கேட்பார்கள். அவள் சொல்வாள். சொல்லத்தானே வேண்டும். அன்றைக்கு அவனுடைய சொல்லும் பட்டறையும் அம்மாவின் மகன் என்ற பெருமையும் எல்லாம் அந்தத் தட்டில் கிடக்கிற சுருளாகிவிடும். போகாவிட்டால்? சமையல்கட்டில் அவன் எதிரிலேயே இருப்பாள். தினம் தட்டு வைப்பாள். தினம் பார்ப்பாள். அவன் தினம் அடிப்பான். இன்றைக்குக் காது, நாளைக்குக் கண், அந்தப் பார்வை அணைகிற வரைக்கும் அடிப்பான், ஒருநாள் அது நிஜமாகவே அணைந்துவிடும். இது நினைப்பு மட்டுமில்லை, நடக்கப்போவது என்று அவனுக்குத் தெரிந்தது. லேத் தன்பாட்டுக்கு வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. நாலு ஐம்பத்தாறுக்கு மூன்றாவது ஓடிபி வந்தது. உடனே போன் அதிர்ந்தது. எடுத்து, முடியாது என்று சொல்லிவிடலாம், ஆண்பிள்ளையாக ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் எடுத்தான்.

“ண்ணா, நம்பர்” என்றாள். கெஞ்சினால் திட்டலாம், திட்டினால் வைத்துவிடலாம், ஒன்றுக்கும் இடம் வைக்கவில்லை. பின்னால் பிலோமினா டீச்சர் ஏதோ ஜெபம் முணுமுணுப்பது கேட்டது. மூணு நிமிஷந்தான் இருக்கு என்று யாரோ சொன்னார்கள். அவன் செய்தியைத் திறந்தான். விரலில் எண்ணெய், திரை இரண்டு தடவை வழுக்கியது. “நாலு” என்றான், தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. “ஒண்ணு. ஒம்போது. பூஜ்யம்.” ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் கீபோர்டில் ஒரு தட்டு கேட்டது. “ரெண்டு.” தட்டு. அதோடு நின்றுவிட்டது. ஆறாவது எண் கண்ணுக்கு நேரே இருக்கிறது, பெரிதாக, தெளிவாக. நாக்கு வரவில்லை. சொல்லாதே என்று அவன் முடிவு செய்யவில்லை, சொல் என்றும் முடிவு செய்யவில்லை. அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான், பின்னால் லேத் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு எண்ணைச் சொல்லிவிடு என்று ஒரு நினைப்பு வந்தது. ஐந்து என்றோ மூன்று என்றோ சொல், தப்பென்று காட்டும், அதற்குள் மணி அடித்துவிடும், வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்கப்போகிறார்கள். வாய் அதற்கும் திறக்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. அவசரமில்லாத மூச்சு.

“அன்னிக்கும் நீ இப்பிடியேதாண்ணா நின்னே” என்றாள் சுபிக்‌ஷா.

கோபமாகச் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. எட்டு வருஷமாக அம்மாவிடம் சொல்லாததை, ஆறுச்சாமியிடம் சொல்லாததை, காது கிழிந்தபோதுகூடச் சொல்லாததை, இன்றைக்கு ஒரு எண்ணுக்காக அவனிடம் மட்டும் சொன்னாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“ஏழு” என்றான். “ஏழு, சுபி. கடைசி ஏழு.”